போர்ஷே 914: செத்துப்போன இன்ஜினுக்குப் பதில் எதை வைப்பது?

வாசகர் கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் 1974ஆம் வருடத்து போர்ஷே 914 ஒன்றை வாங்கினேன். 1.8 லிட்டர் இன்ஜின், அமெரிக்காவுக்கென்று வந்த வண்டி. வார இறுதிகளில் ஸ்கைலைன் மலைச்சாலையில் ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். போன மாதம் மேடு ஏறும்போது உள்ளே ஏதோ உடைந்து நொறுங்கும் சத்தம் கேட்டது, வண்டி நின்றுவிட்டது. வால்வு சீட் கழன்று விழுந்து பிஸ்டனை உடைத்திருக்கிறது என்றார் மெக்கானிக். அதே இன்ஜினைச் சரிசெய்யலாம் என்பது அவர் கருத்து. நண்பர் ஒருவர் 2002 சுபாரு காரிலிருந்து எடுத்த 2.5 லிட்டர் இன்ஜினைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். 914 வைத்திருக்கும் இன்னொருவர், செய்வதாக இருந்தால் போர்ஷேவின் 911 காரில் வரும் ஆறு சிலிண்டர் இன்ஜின்தான் என்கிறார். அமெரிக்க வி-8 வைத்தவர்களும் இருக்கிறார்களாம். ஸ்பேனர் வேலை எனக்கு வரும், வெல்டிங் வராது. செலவு செய்யத் தயார், ஆனால் வண்டி வருடக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்க்க முடியாது. எந்த இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, இன்ஜினைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை இருக்கிறது. பின்னால் இன்ஜின் மூடியைத் திறந்து, வலது பக்கம் பேட்டரி உட்காரும் தட்டைக் கழற்றுங்கள். அதன் அடியில் ஒரு டார்ச்சும் கூர்மையான ஸ்க்ரூடிரைவரும் கொண்டு பாருங்கள். 914 வைத்திருப்பவர்கள் அந்த இடத்தை 'ஹெல் ஹோல்', அதாவது நரகக் குழி, என்பார்கள். ஐம்பது வருடமாகப் பேட்டரி அமிலமும் மழைத் தண்ணீரும் சொட்டிச் சொட்டி இறங்கிய இடம் அது. அதற்கு நேர் கீழேதான் வண்டியின் நீளத்துக்கு ஓடும் பெட்டி வடிவ உத்தரமும், பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் மவுண்டும் இருக்கின்றன.

இந்த வண்டிக்குக் கூரை கிடையாது. மேலே இருப்பது கழற்றி வைக்கும் பலகை. ஆகவே இரண்டு பக்கமும் ஓடும் அந்தப் பெட்டிகள்தான் வண்டியின் முதுகெலும்பு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான், இன்ஜின் அப்புறம். கதவுக்குக் கீழே இருக்கும் வெளித்தகட்டையும் கழற்றிப் பாருங்கள். பிறகு வலது பக்கம் ஜாக் வைத்துத் தூக்கி, கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறதா என்று கவனியுங்கள். தூக்கும்போது இடைவெளி சுருங்கினால், கதவு மூட மறுத்தால், அந்த வண்டிக்குள் எந்த இன்ஜினையும் இப்போதைக்கு வைக்கக் கூடாது. வெல்டிங் உங்களுக்கு வராது என்கிறீர்கள். துரு இருந்தால் 914 தெரிந்த ஒரு பட்டறையிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் இறங்கியிருக்கும் நேரம் இதற்குக் கிடைக்கும் நல்ல நேரம்.

உடம்பு திடமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

914 ஏன் இப்படி ஒரு வண்டி என்பது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1969இல் ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேவும் சேர்ந்து கொண்டுவந்த கார் இது. இருவர் உட்காரலாம். இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இன்ஜின், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸ். நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு ஃபோக்ஸ்வாகனின் 'டைப் 4' இன்ஜின். 914/6 என்ற விலை கூடிய வண்டிக்கு 911 வகைகளில் ஒன்றான 911டியின் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். 1976 வரை சுமார் 1,15,000 நான்கு சிலிண்டர் வண்டிகள் வந்தன. ஆறு சிலிண்டர் வண்டிகள் 3,300க்குச் சற்று மேல்தான்.

இரண்டு இன்ஜினும் காற்றால் குளிர்பவை. வண்டியில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, ஹீட்டருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. எக்ஸாஸ்டைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வரும் சூடான காற்றுதான் உள்ளே வரும். எடை சுமார் 950 கிலோ. முன்னும் பின்னும் இரண்டு டிக்கி. நீங்கள் ஸ்கைலைனில் அனுபவிக்கிற அந்த லேசான, வளைவில் தயங்காத ஓட்டம் இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அமெரிக்க 1.8 இன்ஜினின் 76 குதிரைத்திறனுக்கு அதில் பெரிய பங்கில்லை.

ஆகவே இன்ஜின் தேடுகிறவர்களிடம் நான் குதிரைத்திறனைக் கேட்பதில்லை. இந்த இன்ஜின் உள்ளே வந்தால் வண்டியில் வேறு எதையெல்லாம் மாற்றச் சொல்லும் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு காலம் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்.

முதலில் சுபாரு. அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. படுக்கை வாக்கில் நான்கு சிலிண்டர், உயரம் குறைவு, சுழலும் திசையும் ஃப்ளைவீல் இருக்கும் பக்கமும் 914க்கு ஒத்துவருகின்றன. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைக்கும் அடாப்டர் தகடு வாங்கக் கிடைக்கிறது. உங்கள் நண்பர் தரும் 2.5 இன்ஜின் அதன் சொந்தக் காரில் 165 குதிரைத்திறன் கொடுத்தது. இப்போது உங்களிடம் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் மறுபேச்சில்லாமல் கிளம்பும்.

இனி அது கேட்பவற்றைப் பாருங்கள். ரேடியேட்டர் முன்பக்கம்தான் போக வேண்டும். காற்று உள்ளே வர முன்பக்கத் தகட்டில் திறப்பு வேண்டும். அதைவிட முக்கியம், சூடான காற்று வெளியே போக வழி வேண்டும். அதற்கு முன் டிக்கியின் தரையையோ சக்கரக் கூண்டின் சுவரையோ வெட்டுவார்கள். பலர் உள்ளே வரும் வழியை அழகாகச் செய்துவிட்டு வெளியே போகும் வழியை மறந்துவிடுகிறார்கள். காற்று ரேடியேட்டருக்குப் பின்னால் தேங்கி நிற்கும், ஊரில் நெரிசலில் வெப்பமானி மேலே ஏறிக்கொண்டே போகும். பிறகு முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு தண்ணீர்க் குழாய்கள், வண்டியின் வயிற்றுக்கு அடியில். இவ்வளவு நீளமான சுற்றில் காற்றுக்குமிழி தங்காமல் தண்ணீர் நிரப்புவதே தனி வேலை. ஹீட்டருக்குப் புதிதாக ஒரு கோர். சுபாருவின் கம்ப்யூட்டர், அதன் வயரிங், சென்சார்கள். இன்ஜின் மவுண்ட். எக்ஸாஸ்ட். அடியில் தொங்கும் ஆயில் தொட்டியின் உயரம். இவற்றில் பாதிக்கு வெல்டிங் வேண்டும், வயரிங்குக்குப் பொறுமை வேண்டும்.

அந்த 2.5 இன்ஜினின் குணமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து சுபாரு 2.5களில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) கசிவது எல்லோரும் அறிந்த குறை. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எனவே சும்மா கிடைத்தாலும் ஹெட்டுகளைக் கழற்றி, சமதளமாக அரைத்து, நல்ல கேஸ்கெட் போட்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாக மாற்றிய பிறகே உள்ளே வைக்கலாம். இலவச இன்ஜின் என்பது இந்த வேலையின் மொத்தச் செலவில் சிறிய பகுதியைத்தான் மிச்சப்படுத்தும். சுபாரு வைக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறவர்களுக்கு 1990களின் முற்பகுதியில் வந்த 2.2 லிட்டர் இன்ஜினைச் சொல்வேன். சக்தி குறைவு, ஆனால் கேஸ்கெட் தொல்லை அதற்கு அவ்வளவாக இல்லை, பெல்ட் அறுந்தாலும் வால்வு பிழைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே யாரோ வெட்டிவிட்ட 914, பழைய இன்ஜினே இல்லாமல் கூடாக வாங்கிய 914, வெல்டிங் தெரிந்த கை — இவையெல்லாம் சேர்ந்தால் சுபாரு நல்ல முடிவுதான். உங்கள் வண்டி அப்படியில்லை. வெட்டுப்படாத முன் டிக்கியோடு ஐம்பது வருடம் தாண்டி வந்திருக்கிற வண்டியை இதற்காக வெட்டுவது எனக்கு வலிக்கிறது.

அடுத்தது ஆறு சிலிண்டர். 914 வைத்திருக்கும் அந்த இன்னொருவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது வெளியாள் இன்ஜின் இல்லை, இந்த வண்டி அதை ஏற்கெனவே சுமந்திருக்கிறது. 1970 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 914/6 ஜிடி ஒன்று மொத்தத்தில் 6ஆம் இடத்திலும் ஜிடி பிரிவில் முதலிடத்திலும் வந்தது. அதே வருடம் நூர்பர்க்ரிங்கில் நடந்த 'மாரத்தான் டி லா ரூட்' என்ற நெடும் பந்தயத்தில் 914/6கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அந்த இன்ஜின் தோளுக்குப் பின்னால் உறுமும்போது கேட்கும் சத்தத்துக்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியாது. எடையும் அதிகம் ஏறாது. தொழிற்சாலையிலிருந்து வந்த 914/6, 1.7 வண்டியைவிட 40 கிலோவைப்போலத்தான் கூடுதல். உங்கள் கியர்பாக்ஸும் 911 குடும்பத்தின் 901 என்ற கியர்பாக்ஸிலிருந்து வந்தது என்பதால் இன்ஜின் அதோடு இயல்பாகச் சேரும்.

ஆனால் கேட்கும் பட்டியல் இதற்கும் உண்டு. நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்குக் கம்பி ஒன்று கீழிருந்து தாங்குகிறது. ஆறுக்கு இருக்கைக்குப் பின்சுவரில் வெல்டு செய்யும் மவுண்ட் வேண்டும். அது 'ட்ரை சம்ப்' இன்ஜின், எண்ணெய் இன்ஜினுக்கு அடியில் தங்காது. தனித் தொட்டி வேண்டும். தொழிற்சாலை அதை இடது பின் மட்கார்டுக்குள் வைத்தது. தடித்த ஆயில் குழாய்கள், வேறு எக்ஸாஸ்ட், குளிர்காற்றை வழிநடத்தும் தகரங்கள், ஆக்ஸிலேட்டர் இணைப்பு, டேக்கோமீட்டர் எல்லாம் மாறும். 3 லிட்டர் என்றால் முன்பக்கம் தனி ஆயில் கூலரும் போடச் சொல்வேன். சக்தி கூடிய பிறகு நான்கு போல்ட் சக்கரமும் கெட்டியான முன் டிஸ்க்கும் போதாது. 911இன் முன் சஸ்பென்ஷன், காற்றோட்டமுள்ள டிஸ்க், ஐந்து போல்ட் ஹப் என்று போகும்.

எந்த ஆறு என்பதிலும் கவனம் வேண்டும். 1970களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் இன்ஜின்கள் மற்றவற்றைவிட மலிவாகக் கண்ணில் படலாம். அவற்றின் கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் அடிப்படைக் கூடு, மெக்னீசியம். சூட்டில், ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். குறிப்பாக 1975 முதல் 1977 வரை அமெரிக்காவுக்கு வந்தவற்றில் பல, தெர்மல் ரியாக்டர் என்ற புகைக் கட்டுப்பாட்டுக் கருவியால் வெந்துபோனவை. கேஸைப் பிரித்து ஒவ்வொரு ஸ்டட் துளைக்கும் இரும்புத் திரெட் வைத்த பில் இல்லாமல் அதை வாங்கக் கூடாது. 1978இல் வந்த 911 எஸ்சியின் 3 லிட்டர் இன்ஜினுக்கு அலுமினியக் கேஸ். எனக்குப் பிடித்தது அதுதான். அதிலும் கீழ் வரிசை ஹெட் ஸ்டட் சில உடைந்து கிடக்கும், வால்வு கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அதன் கிராங்கில் ஃப்ளைவீலுக்கு ஒன்பது போல்ட், பழைய ஆறுகளுக்கு ஆறு போல்ட். ஆகவே உங்கள் கியர்பாக்ஸுக்குப் பொருந்தும் ஃப்ளைவீலையும் தனியாகத் தேட வேண்டும்.

விலை விஷயத்தை நேராகச் சொல்கிறேன். 911களின் மதிப்பு ஏறியதோடு அவற்றின் இன்ஜின்களின் மதிப்பும் ஏறிவிட்டது. நல்ல ஆறு ஒன்றை வாங்கி, மேலே சொன்னவற்றையும் செய்து முடித்தால், உங்கள் 914க்கு நீங்கள் கொடுத்த விலையைத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். ஆறு சிலிண்டர்தான் வாழ்நாள் ஆசை என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன், செய்யலாம். ஆனால் முதலில் பிரேக், சஸ்பென்ஷன், உடம்பு என்று தயார் செய்து, இன்ஜினைக் கடைசியாக வாங்குங்கள். தலைகீழாகப் போனவர்களின் வண்டிகள்தான் பாதி வேலையில் விற்பனைக்கு வருகின்றன.

வி-8 வேண்டாம். பழைய இரும்பு ஷெவ்ரலே வி-8 சுமார் 260 கிலோ. தண்ணீர் பம்ப்புக்காக இருக்கைக்குப் பின்சுவரை வெட்டுவார்கள், ரேடியேட்டர் கதை முழுவதும் உண்டு, 901 கியர்பாக்ஸ் அந்த முறுக்குவிசைக்குப் பிறந்ததே அல்ல. எட்டு சிலிண்டர் 914 ஒன்றைப் போர்ஷேவே செய்து பார்த்திருக்கிறது. 1969இல் இரண்டே இரண்டு, பந்தய இன்ஜினோடு: ஒன்று போர்ஷேவின் பொறியாளர் ஃபெர்டினான்ட் பீயெஹுக்கு, மற்றது நிறுவனத் தலைவர் ஃபெர்ரி போர்ஷேவின் 60ஆம் பிறந்தநாளுக்கு. அவை வேறு உலகம். மின்சார மோட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இன்ஜின் இல்லாத கூட்டுக்கு அது பொருந்தும், உங்கள் தேவைக்கு அல்ல.

சரி, உங்களுக்கு என் பதில்: டைப் 4 இன்ஜினையே வையுங்கள். ஆனால் இருந்தபடியே அல்ல, கொஞ்சம் பெரிதாக்கி.

முதலில் இப்போதைய இன்ஜின் ஏன் செத்தது என்று பாருங்கள். வால்வு சீட் என்பது அலுமினிய ஹெட்டுக்குள் இறுக்கி அடித்து வைத்த இரும்பு வளையம். ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் விரிந்து பிடி விடும், வளையம் கழன்று விழும். சூடானதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: பெட்ரோல் குறைந்த கலவை, தப்பான இக்னிஷன் டைமிங், காணாமல் போன காற்றுத் தகரம். உங்கள் 1.8இல் இருப்பது எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன். உள்ளே போகும் காற்றை ஒரு மடலைத் தள்ளவைத்து அளக்கும். அளக்காத காற்று வேறு வழியில் புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பரும் ஆயில் அளக்கும் குச்சியின் ரப்பரும் காய்ந்திருந்தால்கூடப் போதும். கழற்றும்போதே அந்த இரண்டையும், இன்டேக் ரப்பர் குழாய்களையும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது இன்ஜின் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

சீட் உடைந்த துண்டுகள் ஒரே சிலிண்டரோடு நிற்பதில்லை. இன்டேக் வழியாக அடுத்த சிலிண்டருக்கும், ஆயில் வழியாக பேரிங்குகளுக்கும் போயிருக்கும். அதனால் ஒரு ஹெட்டும் ஒரு பிஸ்டனும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேஸைப் பிரித்துக் கழுவியே ஆக வேண்டும். எப்படியும் முழுதாகப் பிரிக்கிறோம் என்பதால்தான் பெரிதாக்குவது இங்கே நல்ல யோசனை ஆகிறது.

இரண்டு வழி இருக்கிறது. உங்கள் 1.8இன் சிலிண்டர் விட்டம் 93 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 66. கிராங்க் ஷாஃப்ட் பிழைத்திருந்தால் அதையே வைத்து 96 மில்லிமீட்டர் பிஸ்டனும் சிலிண்டரும் போட்டால் 1911 சிசி. செலவு குறைந்த, இனிமையாகச் சுற்றும் இன்ஜின். இன்னொன்று, 2 லிட்டர் இன்ஜினின் 71 மில்லிமீட்டர் கிராங்கோடு அதே 96 பிஸ்டன். அது 2056 சிசி. 914 உலகத்தில் அதிகம் பேர் தேடிப் போவது இதைத்தான், நானும் உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். மிதமான கேமோடு (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 110, 120 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம். அதைவிட, மேட்டில் மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும் முறுக்குவிசை கிடைக்கும். ஸ்கைலைனில் உங்களுக்குத் தேவை அதுதான்.

71 கிராங்க்குக்கு 914 2.0 இன்ஜினைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. 1976 முதல் 1983 வரை ஃபோக்ஸ்வாகன் வேன்களில் வந்த காற்றுக்குளிர் 2 லிட்டர் இன்ஜினிலும் அதே ஸ்ட்ரோக்தான். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடுகளையும் சேர்த்து வாங்குங்கள். 2.0 கிராங்கில் ராடு பிடித்துச் சுற்றும் பகுதி 1.8இனதைவிடச் சிறியது, உங்கள் பழைய ராடு அதில் உட்காராது. வேன் இன்ஜினின் ஹெட்டுகளை மட்டும் வாங்காதீர்கள். வால்வு சிறியது, பிற்கால வண்டிகளில் எக்ஸாஸ்ட் வாயும் வேறு வடிவம்.

இந்த இன்ஜினின் உயிர் ஹெட்டில் இருக்கிறது. பணத்தை அங்கே கொட்டுங்கள். பழைய ஹெட் ஒன்றை வெல்டு வைத்து மீட்கலாம் என்பார்கள். ஐம்பது வருடம் வெந்த அலுமினியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாக வார்த்த ஹெட்டுகளை வாங்கி, சீட்டுகளைக் கூடுதல் இறுக்கத்தோடு பொருத்தித் தரும் காற்றுக்குளிர் இன்ஜின் நிபுணரிடம் கொடுங்கள். சாதாரண மெஷின் ஷாப்புக்கு இந்த இறுக்கத்தின் கணக்குத் தெரியாமல் போகலாம். கம்ப்ரஷன் 8.5க்கு 1ஐத் தாண்ட வேண்டாம். கலிஃபோர்னியாவில் பம்ப்பில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோல் 91 ஆக்டேன்தான்.

கேம் தேர்வில் அடக்கம் வேண்டும். உங்கள் இன்ஜெக்ஷன் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். காற்றை நேரடியாக அளப்பதால் எல்-ஜெட்ரானிக் சிறிய மாற்றங்களைத் தாங்கும், கலவையை மட்டும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். ஆனால் பந்தயத்துக்கான கேம் போட்டால் குறைந்த வேகத்தில் காற்று முன்னும் பின்னும் அலைந்து அந்த மடல் நடுங்கும். அதனால் இன்ஜெக்ஷனுக்கென்று அரைத்த கேமைக் கேட்டு வாங்குங்கள். இரட்டை வெபர் கார்புரேட்டர் போட்டால் சத்தமும் தோற்றமும் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு வேறு கேம், அடிக்கடி டியூனிங், கூடுதல் பெட்ரோல். இன்ஜெக்ஷன் கேமை வைத்துக்கொண்டு கார்புரேட்டரை மட்டும் மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

காற்றுத் தகரங்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. இன்ஜினின் முன்நுனியில் கிராங்கோடு சுற்றும் விசிறி, மூடியின் சல்லடை வழியாக மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் தள்ளி, கீழே வெளியேற்றுகிறது. மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலக்கக் கூடாது. அதற்குத்தான் இன்ஜினைச் சுற்றித் தகரமும், தகரத்தைச் சுற்றி ரப்பர் பட்டையும். ரப்பர் இல்லையென்றால் கீழே போன சூடான காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் சிறு தகரங்களையும், தெர்மோஸ்டாட்டையும், அது இழுக்கும் மடல்களையும் முந்தைய உரிமையாளர்கள் வேண்டாத சாமான் என்று கழற்றி எறிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இல்லாததை வாங்கிப் போடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையம் வைக்கும் ஹெட் வெப்பமானி ஒன்றும் மாட்டுங்கள். அடுத்த சீட் கழலும் முன் அது உங்களுக்குச் சொல்லும்.

இன்ஜின் கீழே இருக்கும்போது இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம். 914இன் பெட்ரோல் குழாய்கள் நடுச் சுரங்கத்தின் வழியே வரும் பிளாஸ்டிக் குழாய்கள். ஐம்பது வருடத்தில் அவை கண்ணாடி மாதிரி உடையும். பேட்டரிக்கு அடியில், சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முழுவதையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயாக மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் உங்கள் வண்டியில் பின்னால் சூட்டில் இருக்கிறது. 1975 மாடலில் தொழிற்சாலையே அதை முன்பக்கம் கொண்டுபோனது. நீங்களும் அப்படியே செய்யலாம். இன்ஜெக்ஷனின் ரப்பர் குழாய்களும் புதிதாகட்டும்.

கியர்பாக்ஸ் 2056ஐத் தாங்கும். முதல் கியரில் வண்டியை எகிறவிட மட்டும் வேண்டாம், 901இல் பலவீனமான இடம் அது. 1973 முதல் வந்த பக்கவாட்டு ஷிஃப்ட் உங்களுடையது, பழையதைவிட எவ்வளவோ மேல். இணைப்புக் கம்பிகளின் புஷ்களை மாற்றினாலே கியர் விழுவதில் வித்தியாசம் தெரியும். பிரேக்கும் சக்கரமும் இப்போதிருப்பவையே போதும், நல்ல நிலையில் இருந்தால்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975 மாடலும் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. உங்கள் வண்டி 1974. இதே கேள்வியை 1976 மாடல் வைத்திருப்பவர் கேட்டிருந்தால், அந்த வண்டி சோதனைக்கு வந்தாக வேண்டும் என்பதில் தொடங்கியிருப்பேன். அதில் வேறு காரின் புதிய இன்ஜினை வைத்தால் அந்த இன்ஜினின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் முழுதாகக் கொண்டுவந்து, இப்படி இன்ஜின் மாற்றிய வண்டிகளைப் பரிசோதிக்கும் மாநிலத்தின் ரெஃப்ரி நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டத்தைப் பற்றி ஒன்று. இந்த இன்ஜினின் கேமும் டேப்பட்டும் நேருக்கு நேர் உரசுபவை. புது கேம் போட்டு முதன்முறை கிளம்பியதும் ஐட்லிங்கில் விடக் கூடாது. துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெயோடு, 2,000க்கும் 2,500க்கும் இடையில் சுற்றவிட்டு இருபது நிமிடம் வைத்திருங்கள். அதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள். டைமிங்கும் பெட்ரோலும் சரியாக இருக்கின்றன என்று முன்னாடியே உறுதிசெய்துகொண்டால் நடுவில் நிறுத்த வேண்டிவராது. முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இந்த இன்ஜினுக்கு அது வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலையும்கூட.

ஹெட்டும் மெஷின் ஷாப் வேலையும்தான் உங்கள் காலக்கெடுவைத் தீர்மானிக்கும். நல்ல ஹெட் நிபுணர்களிடம் வரிசை நீளம், அதனால் ஆர்டரை இந்த வாரமே கொடுங்கள். மற்ற வேலைகளை நீங்களே உங்கள் கராஜில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வந்துசேரும். வருடக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்காமல், ஒரு வருடத்துக்குள் வண்டி சாலையில் இருக்க முடியும்.

கடைசியாக, பழைய பாகங்கள். கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் எண் 'ஈசி' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அமெரிக்க 1.8க்கு உரிய எழுத்து அது. அப்படியானால் வண்டியோடு வந்த கேஸாக இருக்க நல்ல வாய்ப்பு, பிளவு இல்லையென்றால் 2056ஐ அந்தக் கேஸிலேயே கட்டுங்கள். 66 கிராங்க், அதன் ராடுகள், நல்லதாக மிஞ்சும் பிஸ்டன்கள் எதையும் எறியாதீர்கள். பின்னாளில் ஒருவேளை கார்புரேட்டருக்கு மாறினாலும் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டரையும் காற்று அளக்கும் பெட்டியையும் விற்றுவிட வேண்டாம். எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, பையில் கட்டி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். சுபாரு இன்ஜினை நண்பரே வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள்.